சீலியாக்: குளூட்டனை விட்ட பிறகும் வயிறு அடங்கவில்லை என்றால் அடுத்து எதைச் சந்தேகிப்பது?

காலிவயிறு | மார்ச் 3, இரவு 9.12

சீலியாக் (குளூட்டன் பட்டா உடம்பு தன் சிறுகுடலையே தாக்குற நோய்) உறுதியாகி, கோதுமை, பார்லியில இருக்கிற அந்தக் குளூட்டன் புரதத்தை நிறுத்தி 9 மாசம். ரத்தத்துல டிடிஜி (சீலியாக்கைக் காட்டுற எதிர்ப்புப் புரதம்) அளவு பாதியாக் குறைஞ்சிருக்கு. ஆனாலும் உப்புசம், தளர்ந்த மலம் வாரத்துல மூணு நாலு நாள் வருது. அப்படின்னா வேற ஏதோ உணவும் ஒத்துக்கலைன்னுதானே அர்த்தம்? பால், முட்டை, சோயா, மக்காச்சோளம், தக்காளி அஞ்சையும் ஒரே நாள்ல நிறுத்திடலாம்னு இருக்கேன். 200 உணவுக்கு ஐஜிஜி ரத்தப் பரிசோதனை பண்றாங்களே, அதை எடுத்தா வேலை சீக்கிரம் முடியுமா?

அளவுகரண்டி | மார்ச் 3, இரவு 10.05

ஐஜிஜி பட்டியலை விட்டுவிடுங்கள். ஐஜிஜி ஒரு வகை எதிர்ப்புப் புரதம். ஓர் உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கான ஐஜிஜி, குறிப்பாக ஐஜிஜி4, ரத்தத்தில் இருக்கத்தான் செய்யும். உடம்பு அந்த உணவோடு பழகியிருக்கிறது என்பதற்கு மேல் அதில் சேதி இல்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் அமைப்பு 2008இலேயே, உணவு ஒவ்வாமையையோ ஒத்துக்கொள்ளாமையையோ கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சீலியாக் உள்ளவருக்கு இதில் கூடுதல் வம்பு: தினமும் சாப்பிடுகிற அரிசியும் முட்டையும் பாலும் சிவப்புக் கட்டத்தில் வந்து நிற்கும். மாதக்கணக்கில் தொடாத கோதுமை பச்சையில் வந்தாலும் ஆச்சரியமில்லை.

அஞ்சையும் ஒரே நாளில் நிறுத்துவதும் வேண்டாம். காரணம் நாளைக்கு.

குடல்வாசி | மார்ச் 4, காலை 6.50

புதிய குற்றவாளியைத் தேடுவதற்கு முன் பழையவனை இன்னொரு முறை விசாரியுங்கள். குளூட்டனை விலக்கியும் அறிகுறி நீடிப்பவர்களிடம் முதலில் அகப்படுவது, தெரியாமல் உள்ளே போகிற குளூட்டன்தான்.

அளவைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். 2007இல் இத்தாலியில் நடந்த ஆய்வில் நாளுக்கு 50 மி.கி. குளூட்டன், 90 நாளில் குடலுறிஞ்சிகளை (சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற முளைகளை) பாதித்தது. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் 2 கிராமுக்குக் குறையாது. அதை நாற்பதாகப் பிய்த்தால் ஒரு பங்கு எவ்வளவு வருமோ, அவ்வளவு போதும். ரொட்டித் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தூள்.

மறுபக்கம், ‘குளூட்டன் இல்லாதது’ என்று முறைப்படி முத்திரையிட்ட பொருளின் உச்சவரம்பு கிலோவுக்கு 20 மி.கி. வரம்பைத் தொட்டு நிற்கும் மாவை நாளுக்கு 300 கிராம் சாப்பிட்டாலும் 6 மி.கி.தான். ஆகவே முத்திரை உள்ளதைத் துருவிக்கொண்டு இருக்காமல் முத்திரை இல்லாததைப் பாருங்கள். கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரைத்த மற்ற மாவு. அலசாமல் போடும் பருப்பு வகை. உள்ளே கோதுமை மணி கிடக்கும். சூப் பொடி. கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்த சோயா சாஸ். பார்லியிலிருந்து வரும் மால்ட். மாவு பூசிய பண்டம் பொரித்த எண்ணெய். சமையலறையில் மூன்று பொருளை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது: சல்லடை, மரக்கரண்டி, ரொட்டி வாட்டும் டோஸ்டர். இவற்றைத் தனியாக வாங்கிவிடுவதே சுலபம்.

குடல்வாசி | மார்ச் 4, காலை 7.02

உதட்டுச்சாயம், ஷாம்பு என்று யாராவது ஆரம்பிப்பதற்குள்: அதெல்லாம் பட்டியலின் கடைசி. ஷாம்புவைக் குடிக்காதவரை கவலை இல்லை. மாத்திரையில் சேர்க்கும் மாவு பெரும்பாலும் மக்காச்சோளத்தினுடையது, ஆனால் தினசரி விழுங்குகிற மாத்திரை என்றால் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை.

அளவுகரண்டி | மார்ச் 4, இரவு 9.30

டிடிஜி பற்றி ஒரு வார்த்தை. 9 மாதத்தில் பாதியாகியிருப்பது மோசம் இல்லை; இயல்பு நிலைக்கு வர ஒன்றிரண்டு ஆண்டு பிடிப்பவர்கள் நிறைய. ஆனால் அது இயல்பானாலும் குடல் ஆறிவிட்டது என்று சத்தியம் செய்ய முடியாது. 2010இல் மேயோ கிளினிக் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் 2 ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும் 5 ஆண்டில் மூன்றில் இருவருக்கும்தான் குடலின் உட்சவ்வு ஆறியிருந்தது. மொத்த ஐஜிஏ (வழக்கமான டிடிஜி சோதனை அளக்கும் எதிர்ப்புப் புரத வகை) குறைவாக உள்ளவர்களுக்கு டிடிஜி-ஐஜிஏ எப்போதுமே குறைவாகத்தான் காட்டும். அவர்களுக்கு ஐஜிஜி வகை டிஜிபி (சீலியாக்குக்கான இன்னோர் எதிர்ப்புப் புரதம்) பரிசோதனை வேண்டும். (ஆமாம், இந்த ஐஜிஜி வேறு. மேலே திட்டியது உணவுப் பட்டியலை. குழப்பம் வேண்டாம்.)

இப்போது பாலுக்கு வருவோம். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதி இருப்பது குடலுறிஞ்சிகளின் நுனியில். சீலியாக் முதலில் மழிப்பதும் அந்த நுனியைத்தான். கடைசியில் திரும்ப முளைப்பதும் அதுதான். ஆகவே முதல் ஆண்டில் பால் சேராமல் போவது புதிய நோய் அல்ல, பழைய நோயின் மிச்சம். சர்க்கரையை உடைக்கும் சுக்ரேஸ் நொதியும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதனால் சிலருக்கு இனிப்பு அதிகமானாலும் வயிறு பேசும். குடல் ஆற ஆறப் பலருக்கு இது தானே சரியாகிறது. வளர்ந்த பிறகு லாக்டேஸ் குறையும் மரபு உள்ளவர்களுக்கு மட்டும் குடல் முழுக்க ஆறினாலும் பால் பிரச்சினை தங்கிவிடும்.

பாலில் 100 மி.லி.க்கு சுமார் 5 கிராம் லாக்டோஸ். ஒத்துக்கொள்ளாமை உள்ளவர்களிலும் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை தாங்குகிறார்கள். வெண்ணெயிலும் நாள்பட்ட கெட்டிப் பாலாடைக்கட்டியிலும் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். தயிரில் உள்ள நுண்ணுயிர் கொஞ்சம் உடைத்துக் கொடுத்துவிடும். மாத்திரையில் நிரப்பியாக இருக்கும் லாக்டோஸ் சில நூறு மி.கி.; அதைக் குற்றம் சாட்டுவது வீண்.

மூச்சுப் பரிசோதனை செய்தால் 50 கிராம் லாக்டோஸ் கரைத்துக் கொடுத்து, மூச்சில் ஹைட்ரஜன் அடிமட்டத்திலிருந்து 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். உடையாத லாக்டோஸைக் குடல் நுண்ணுயிர்கள் தின்னும்போது வருவதுதான் அந்த ஹைட்ரஜன்.

அளவுகரண்டி | மார்ச் 5, காலை 8.15

நேற்று எழுதியதில் திருத்தம். 50 கிராம் பழைய வழக்கம். 2017இன் வட அமெரிக்க ஒருமித்த பரிந்துரை 25 கிராம். 50 கிராம் என்பது ஒரு லிட்டர் பாலை ஒரே மூச்சில் குடிப்பதற்குச் சமம்; நல்ல குடலே புலம்பும். இன்னும் 50 கொடுக்கிற இடத்தில் எடுத்தால், முடிவைப் படிக்கும்போது அதைக் கணக்கில் வையுங்கள்.

மற்றவை: முந்தைய 4 வாரத்தில் ஆன்டிபயாடிக் கூடாது. முந்தைய நாள் பருப்பு, வெங்காயம், பழம், பால் இல்லாத எளிய சாப்பாடு. 8 முதல் 12 மணி நேரப் பட்டினி. அன்று காலை புகையும் உடற்பயிற்சியும் கூடாது. 3 மணி நேரம் உட்கார வேண்டும். சிலருடைய குடலில் ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் இருக்கும். அவர்களுக்கு ஹைட்ரஜன் கோடு படுத்தே கிடக்கும். மீத்தேனையும் அளக்கும் கருவியா என்று கேளுங்கள். அதில் 10 பிபிஎம் போதும். குடித்த அரை மணிக்குள்ளேயே கோடு எகிறினால் அது லாக்டோஸ் பிரச்சினையாக இல்லாமல் சிறுகுடலில் நுண்ணுயிர் பெருகிய சிபோவாகவும் இருக்கலாம்.

குடல்வாசி | மார்ச் 6, மாலை 5.40

அஞ்சையும் ஒன்றாக நிறுத்தாதீர்கள் என்றதற்குக் காரணம் எளிது. நிறுத்தியதும் சரியானால் ஐந்தில் எது என்று தெரியாது. சரியாகவில்லை என்றால் ஆறாவதைத் தேடுவீர்கள். ஆறு மாதத்தில் தட்டில் அரிசியும் பயமும்தான் மிஞ்சும்.

முதல் 2 வாரம் எதையும் மாற்றாமல் குறிப்பு மட்டும் எழுதுங்கள். சாப்பிட்ட நேரம், பொருள், அளவு. அறிகுறி தொடங்கிய நேரம், 0 முதல் 10 வரை எவ்வளவு கடுமை. மலம் பிரிஸ்டல் அளவுகோலில் 1 (கெட்டி) முதல் 7 (நீர்)க்குள் எது. இதோடு எல்லாரும் விட்டுவிடுகிற நான்கு: தூக்கம், மன அழுத்தம், மாதவிடாய் நாள், மருந்து. மெட்ஃபார்மின், மெக்னீசியம் கலந்த அமில முறிவு மருந்து, வலி மாத்திரை எல்லாம் குடலைக் கலக்கக்கூடியவை. அவற்றை எழுதாமல் தக்காளியை மட்டும் எழுதினால் தக்காளிதான் மாட்டும்.

இன்னொன்று. அறிகுறிக்குக் கடைசியாகச் சாப்பிட்டதையே காரணம் காட்டுவது நம் வழக்கம். உணவு பெருங்குடலுக்குப் போய்ச் சேரவே 4 முதல் 6 மணி நேரம் ஆகிறது. லாக்டோஸ் அரை மணியிலிருந்து சில மணிக்குள் காட்டிக்கொடுக்கும். வெங்காயம், பருப்பு வகைச் சர்க்கரைகள் அன்றிரவோ மறுநாளோதான். இரவு உப்பினால் மதியச் சாப்பாட்டு வரியையும் பாருங்கள்.

குடல்வாசி | மார்ச் 7, இரவு 8.20

விலக்கிச் சேர்க்கும் முறை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வகை. 2 முதல் 4 வாரம் விலக்கு. கண்டிப்பாக விலக்கியும் மாற்றமே இல்லையென்றால் அது நிரபராதி. உடனே தட்டுக்குத் திரும்பட்டும். இந்த வரியைத்தான் யாரும் பின்பற்றுவதில்லை.

மாற்றம் இருந்தால் சோதனை. பாலுக்கு: முதல் நாள் 60 மி.லி., இரண்டாம் நாள் 120, மூன்றாம் நாள் 240. அந்த மூன்று நாளும் மற்றதெல்லாம் பழையபடியே. அறிகுறி வந்ததும் நிறுத்தி, எந்த அளவில் வந்தது என்று எழுதுங்கள். பிறகு 3 நாள் ஓய்வு, அப்புறம் அடுத்த உணவு. தயிரை அதே வாரத்தில் நுழைக்காதீர்கள், அது தனி வழக்கு. கிடைக்க வேண்டிய விடை ‘ஆகும், ஆகாது’ இல்லை, ‘எவ்வளவு வரை ஆகும்’. 120 மி.லி. வரை அமைதி என்றால் பாலை விட வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு எச்சரிக்கை. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, தொண்டை இறுக்கம் ஏதாவது ஒருமுறை வந்திருந்தாலும் அந்த உணவை வீட்டில் சோதிக்கக் கூடாது. அது நிஜ ஒவ்வாமை, மருத்துவமனையில் செய்ய வேண்டியது. குளூட்டனையும் இந்த ஆட்டத்தில் சேர்க்காதீர்கள்.

காலிவயிறு | மார்ச் 9, காலை 7.30

குறிப்பு எழுதுறதுக்குப் பொறுமை இல்லாம காலையில குடிக்கிற பாலை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். நாலே நாள்ல உப்புசம் பாதி. கேஸ் முடிஞ்சுதா?

அளவுகரண்டி | மார்ச் 9, காலை 7.48

பாலில் என்ன கலந்து குடித்தீர்கள்?

காலிவயிறு | மார்ச் 9, காலை 7.55

மால்ட் பவுடர். ஐயோ.

குடல்வாசி | மார்ச் 9, மதியம் 1.10

நான்காம் தேதிப் பட்டியலில் மால்ட் இருக்கிறது. கண் சல்லடையில் நின்றுவிட்டது போல.

இதற்கு வரலாற்றில் பெரிய முன்னோடி உண்டு, கவலைப்படாதீர்கள். 1924இல் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவுமுறையைச் சொன்னார். குழந்தைகள் தேறினார்கள். பெயர் முழுக்க வாழைப்பழத்துக்குப் போனது. அவர் அந்த முறையில் ரொட்டியையும் தானியங்களையும் நிறுத்தியிருந்தார் என்பதுதான் விஷயம். கோதுமைதான் காரணம் என்பதை நெதர்லாந்தின் வில்லெம் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். நடுவில் கால் நூற்றாண்டு. ஒன்றை நிறுத்தும்போது அதோடு கைகோத்துக்கொண்டு வேறு எது வெளியே போனது என்று கேட்காததன் விலை அது.

அளவுகரண்டி | மார்ச் 9, இரவு 9.00

ஆகவே இப்போது: மால்ட் நிரந்தரமாக வெளியே. பாலை வெறும் பாலாக, ஏழாம் தேதி அளவுப்படி சோதியுங்கள். ஆனால் 3 வாரம் கழித்து. உள்ளே போன பார்லி ஏற்படுத்திய கலவரம் கொஞ்சம் அடங்கட்டும். மால்டால்தான் டிடிஜி முழுதாக இறங்காமல் நின்றதா என்பது அடுத்த பரிசோதனையில் தெரியும். சிறுநீரிலோ மலத்திலோ குளூட்டன் துணுக்குகளைக் காட்டும் சோதனைப் பட்டைகளும் உண்டு. சிறுநீர் கடந்த ஓரிரு நாளையும் மலம் கடந்த சில நாட்களையும் சொல்லும். இல்லை என்று வந்தால் அந்த நாட்களுக்கு மட்டும்தான் இல்லை.

அளவுகரண்டி | மார்ச் 10, காலை 6.30

மனசு உப்புகிறதா வயிறு உப்புகிறதா என்ற சந்தேகம் இருந்தால் கண்கட்டிச் சோதனை. வீட்டில் இன்னொருவர் சாதாரணப் பாலையும் லாக்டோஸ் நீக்கிய பாலையும் மாற்றி மாற்றித் தரட்டும். எந்த நாளில் எது என்பதை அவர் மட்டும் எழுதி வைக்கட்டும். ஒரு சிக்கல்: லாக்டோஸ் நீக்கிய பாலில் அது குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரிந்திருப்பதால் தித்திப்பு தூக்கலாக இருக்கும், நாக்கு கண்டுபிடித்துவிடும். இரண்டிலும் கோகோவும் சர்க்கரையும் போட்டு மறையுங்கள். கோகோ முத்திரை உள்ளதாக இருக்கட்டும், மறுபடி ஐயோ வேண்டாம்.

குடல்வாசி | மார்ச் 12, இரவு 10.15

பாலுக்கு அடுத்தபடி என் சந்தேகம் எப்போதும் ஃபிரக்டான் மேல்தான். இது புரதம் இல்லை, சர்க்கரைச் சங்கிலி. மனிதக் குடலில் இதை உடைக்கும் நொதியே கிடையாது. கோதுமையில் உண்டு, வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய. சீலியாக் இல்லாமல் ‘குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தாமாகவே சொல்லிக்கொண்ட 59 பேரை வைத்து நார்வேயில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், குளூட்டனைவிட ஃபிரக்டான்தான் அதிக அறிகுறியைக் கொடுத்தது. சீலியாக் உள்ளவர் கோதுமையை விட்டதும் பாதி ஃபிரக்டான் தானாகவே போய்விடுகிறது. மிச்சம் இருப்பவை வெங்காயம், பூண்டு.

பூண்டுக்கு ஒரு வழி: ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்து எறிந்துவிட்டால் மணம் எண்ணெயில் தங்கும், சர்க்கரை பல்லோடு போகும். தண்ணீர் உள்ள குழம்பில் போட்டு எடுப்பது இதற்கு உதவாது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி பலருக்குச் சேரும், வெள்ளைக் குமிழ் சேராது.

மற்ற குழுக்கள்: பருப்பு, கொண்டைக்கடலையில் கேலக்டோ சர்க்கரைகள் (ஊறவைத்த நீரையும் வேகவைத்த நீரையும் வடித்தால் குறையும்), தேனிலும் ஆப்பிளிலும் மிகை ஃபிரக்டோஸ், காளானிலும் காலிஃபிளவரிலும் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால். மொத்தத்துக்கும் ஃபாட்மேப் என்று பெயர். மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு வகுத்த முறை. விலக்கும் கட்டம் 2 முதல் 6 வாரம், அதற்குமேல் நீட்டக் கூடாது. குழுவுக்கு ஒரு உணவு, மூன்று நாள், ஏறும் அளவு.

குடல்வாசி | மார்ச் 13, காலை 7.05

நேற்றையதில் ‘பாதி’ என்று எழுதியது வாய்ப்பேச்சு அளவு. எவ்வளவு கோதுமை, எவ்வளவு வெங்காயம் சாப்பிட்டார் என்பதைப் பொறுத்தது. பெரும்பங்கு என்று திருத்திப் படியுங்கள்.

அளவுகரண்டி | மார்ச் 13, இரவு 9.45

குளூட்டன் இல்லாத ரொட்டியின் பின்பக்கத்தைப் படித்ததுண்டா? குளூட்டன் செய்த வேலையைச் செய்ய சாந்தன் கோந்து, குவார் கோந்து, இசப்கோல், சோயா மாவு, கொண்டைக்கடலை மாவு, நார்ச்சத்துக்கு இனுலின். இனுலின் என்பதே ஃபிரக்டான். ‘முத்திரை உள்ள ரொட்டி சாப்பிட்டும் வயிறு உப்புகிறது, அதில் குளூட்டன் இருக்கிறது’ என்ற புகார்களில் பலவற்றுக்கு விடை இந்தப் பட்டியலில் கிடைக்கும். ஒரு வாரம் ரொட்டியை விட்டு வெறும் சோறு, உருளைக்கிழங்கு என்று இருந்து பாருங்கள்.

ஓட்ஸுக்கும் இதே கதை. கலப்படமற்ற ஓட்ஸ் பெரும்பாலோருக்குச் சேரும். மிகச் சிலருக்கு அதன் அவெனின் புரதமே எதிர்ப்பைத் தூண்டும். குடல் அமைதியான பிறகு, 6 முதல் 12 மாதம் கழித்து, 10 கிராமில் தொடங்கி மெல்ல 50 கிராம் வரை. முதல் வார வாயு திடீர் நார்ச்சத்தின் வேலை. அதைப் பார்த்து உடனே தீர்ப்பு எழுத வேண்டாம்.

காலிவயிறு | மார்ச் 15, இரவு 8.40

காபி குளூட்டன் மாதிரியே நடிக்கும், உடம்பு ஏமாந்துடும்னு ஒரு பட்டியல் சுத்துதே? புளிச்ச பண்டங்கள்ல இருக்கிற ஹிஸ்டமினும் காரணமா இருக்கலாமா?

அளவுகரண்டி | மார்ச் 15, இரவு 9.20

காபிக்கு நடிப்பு தேவையில்லை, அது நேராகவே பெருங்குடலை முடுக்கும். அளவைக் குறைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஹிஸ்டமினைச் சிதைக்கும் டிஏஓ நொதியும் குடல் உட்சவ்வில்தான் இருக்கிறது, ஆகவே யோசனை அபத்தம் இல்லை. உறுதியான பரிசோதனை கிடையாது. முகச்சிவப்பு, தலைவலி, மூக்கடைப்பு சேர்ந்து வந்தால் மட்டும் 2 முதல் 4 வாரம் நாள்பட்ட பாலாடைக்கட்டி, புளித்த பண்டங்கள், பழைய மீனை விட்டுப் பார்க்கலாம். வெறும் உப்புசத்துக்கு இந்தப் பக்கம் போகாதீர்கள்.

குடல்வாசி | மார்ச் 18, காலை 6.55

உணவே காரணம் இல்லாமலும் இருக்கலாம் என்பதை இன்னும் யாரும் எழுதவில்லை. குளூட்டன் இல்லை என்பது உறுதியாகி, 6 முதல் 12 மாதம் கழிந்தும் தொல்லை என்றால் இரைப்பைக் குடல் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள். கணையம் போதிய நொதி சுரக்காதது: எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம், மலத்தில் கணைய நொதியான எலாஸ்டேஸ் கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழ். மலம் நீராக இருந்தால் நீர்த்துப்போய்ப் பொய்யாகக் குறைவு காட்டும், கெட்டியான மாதிரி கொடுங்கள். நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் பெருங்குடல் அழற்சி: ரத்தமில்லாத நீர்ப்பேதி, உள்நோக்கியில் குடல் இயல்பாகத் தெரிந்தாலும் திசு எடுக்க வேண்டும். சிபோ. பித்த அமில வயிற்றுப்போக்கு. தைராய்டு.

எடை குறைதல், இரவில் எழுப்பும் பேதி, ரத்தம், காய்ச்சல், ரத்தசோகை திரும்புதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் விலக்குச் சோதனையை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவர். பெரியவர்களில் அரிதாக, ஓராண்டு கண்டிப்புக்குப் பிறகும் உறிஞ்சிகள் தட்டையாகவே இருக்கும் வகை உண்டு. அதை வீட்டுக் குறிப்பேடு கண்டுபிடிக்காது. குழந்தைகளுக்கு இந்த இழையில் உள்ள எதையும் உணவியல் நிபுணர் இல்லாமல் செய்யாதீர்கள், வளர்ச்சி நின்றுபோகும்.

அளவுகரண்டி | மார்ச் 21, இரவு 9.10

விலக்கியதை ஈடுகட்டுவதும் கணக்கில் சேர வேண்டும். சீலியாக்கில் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கலாம். 250 மி.லி. பாலில் ஏறத்தாழ 300 மி.கி. கால்சியம், பெரியவருக்கு நாளுக்கு வேண்டியது சுமார் 1000. லாக்டோஸ் நீக்கிய பாலில் கால்சியம் அப்படியே இருக்கிறது, ஆகவே லாக்டோஸுக்காகப் பாலை ஒதுக்கத் தேவையில்லை. பால்புரதமே ஆகாதவருக்கு அது உதவாது, இரண்டையும் கலக்காதீர்கள்.

காலிவயிறு | மார்ச் 24, இரவு 10.30

குறிப்பேடு 2 வாரம் முடிஞ்சுது. மால்ட் போனதுல பேதி நின்னுடுச்சு. உப்புசம் மட்டும் வேலை நாள்ல மாலை 4 மணிக்கு மேல வருது, சனி ஞாயிறு இல்லை. சாப்பாடு ஏழு நாளும் ஒண்ணுதான். வெங்காயம்கூட ஒரே அளவு.

குடல்வாசி | மார்ச் 24, இரவு 10.41

வேலை நாளில் மட்டும் வாயில் போடுவது என்ன? சாப்பாடாக நீங்கள் எண்ணாத ஏதாவது?

காலிவயிறு | மார்ச் 24, இரவு 10.44

சர்க்கரை இல்லாத சூயிங்கம். மதியத்துக்கு மேல தூக்கம் வராம இருக்க. ஒரு எட்டு, பத்து.

குடல்வாசி | மார்ச் 24, இரவு 10.52

ஒன்றில் ஒன்றேகால் கிராம் சார்பிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பூட்டி) என்று வையுங்கள், பத்துக்குப் பன்னிரண்டரை. 10 கிராமிலேயே பலருக்கு வயிறு உப்பும், 20க்கு மேல் போனால் பேதி. 2008இல் பெர்லின் மருத்துவர்கள் எழுதிய குறிப்பில், கம் மென்றே நாளுக்கு 20, 30 கிராம் உள்ளே தள்ளி எடை சரிந்துபோன இருவர் உண்டு. நாளையிலிருந்து கம்மை மட்டும் நிறுத்துங்கள், பால் சோதனையை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். வெங்காயத்தைத் தொடாதீர்கள், அது பாவம்.